புறா ரத்தத்துல "மலேரியா மாதிரி" கிருமியாம், வீட்ல குழந்தை இருக்கு, என்ன பண்றது?

பெங்களூர் அல்சூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "சார், பால்கனில கால்ல நூல் சுத்திக்கிட்டு ஒரு புறா கிடந்துச்சு, டாக்டர்கிட்ட கொண்டு போனோம். நூல எடுத்துட்டு ரத்தமும் பாத்தாரு, ஹீமோபுரோட்டியஸ் இருக்கு, மலேரியா மாதிரி ஒண்ணுன்னாரு. வீட்ல மூணு வயசு பையன். மாமியார் இப்பவே அத வெளிய விடுன்னு ஒரே சத்தம். பையனுக்கு ஒட்டுமா? புறாவுக்கு மருந்து உண்டா? குணமானா எங்க விடுறது?"

ஒட்டாதுங்க. மாமியார்கிட்ட தைரியமா சொல்லுங்க. நமக்கு மலேரியா தர்றது பிளாஸ்மோடியம், ஹீமோபுரோட்டியஸ் அதுக்கு பங்காளி முறை, ஆனா பறவை உடம்ப விட்டு மனுஷ உடம்புல அதுக்கு பொழப்பே கிடையாது. பறவைங்களுக்குன்னு தனியா பிளாஸ்மோடியமும் இருக்கு, கியூலெக்ஸ் கொசு பரப்பும், அதுவும் நம்மள ஒண்ணும் பண்ணாது. லூகோசைட்டோசூன்னு மூணாவது ஒண்ணு, அது ஓடுற தண்ணில வளர்ற கருப்பு ஈ வழியா வரும்.

உங்க புறாவுக்கு யார் குடுத்தான்னா, ஒரு தட்டை ஈ. றெக்கைய விரிச்சு பாத்தீங்கன்னா இறகுக்கு நடுவுல நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓடும், நசுக்குனா கூட சுலபமா சாகாது, அப்படி ஒரு தட்டை. முட்டை போடாது, நல்லா வளர்ந்த புழுவாவே பெத்துப்போடும், அது கொஞ்ச நேரத்துல கறுப்பு விதை மாதிரி கெட்டியாகி கூட்டுல கிடக்கும். எப்பவாவது நம்மளையும் கடிக்கும், வலிக்கும், அவ்ளோதான். அதனால அட்டைப்பெட்டில வெச்சிருந்தா அடியில போட்ட பேப்பர தினமும் மாத்துங்க, பறவைக்கு எந்த ஈ மருந்து போடலாம்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, வீட்ல கிடக்குற கொசு ஸ்பிரேய அது மேல அடிச்சிடாதீங்க ப்ளீஸ்.

மைக்ராஸ்கோப்ல இது பாக்க அழகா இருக்கும். பறவையோட சிவப்பணுவுல நடுவுல நியூக்ளியஸ் உண்டு, நமக்கு இல்ல, அந்த நியூக்ளியஸ அணைச்ச மாதிரி வாழைப்பழம் கணக்கா வளைஞ்சு படுத்திருக்கும், உள்ள ஹீமோகுளோபின தின்னுட்டு விட்ட கழிவு பழுப்பு பழுப்பா தெரியும். ரத்த அணுக்குள்ள இது பெருகாது, பெருகுறதெல்லாம் நுரையீரல் மாதிரி உறுப்புல, பிளாஸ்மோடியம் அளவுக்கு இது முரட்டுத்தனம் காட்டாததுக்கு அது ஒரு காரணம்.

ரிப்போர்ட்ல இருக்குன்னு வந்ததாலயே அதுக்கு நோய்னு அர்த்தம் இல்லங்க. ஊர்ப் புறாக்கள்ல இது சர்வசாதாரணம், சில ஊர்கள்ல பாதிக்கு மேல புறாக்களுக்கு இருந்திருக்கு. ரத்தத்துல ரொம்ப கம்மியா இருந்தா ஸ்லைடுல தப்பிச்சுடும், கிருமியோட மரபணுவ தேடுற பிசிஆர் டெஸ்ட் போட்டா மாட்டும், அதனால ஒரே காட்டுல ரெண்டு முறைல பாத்தா ரெண்டு கணக்கு வரும். இன்னொரு கோளாறு, ஆராய்ச்சிக்காரங்க வலைல சிக்குறது பறந்து திரியுற பறவைங்க மட்டும்தான், முடியாம புதர்ல படுத்து செத்தது எந்த கணக்குலயும் ஏறாது. சாப்பிட்டு தெம்பா இருக்குற வளர்ந்த புறாவுக்கு பொதுவா மருந்து தேவையில்ல, சோர்ந்து எலும்பு துருத்திக்கிட்டு இருந்தா டாக்டர் முடிவு பண்ணட்டும். வீட்ல இருக்குற குளோரோகுயின்ங்கிற மலேரியா மாத்திரைய ஒடச்சு குடுக்குற வேலை வேண்டாம்.

நீங்க பயப்பட வேண்டியது எச்சத்துக்கு. காஞ்ச புறா எச்சத்தூள் நுரையீரலுக்கு நிஜமாவே ஆகாது. பால்கனிய பெருக்குறதுக்கு முன்னாடி தண்ணி தெளிங்க, மாஸ்க் போடுங்க, பையன உள்ள அனுப்புங்க. அப்புறம் பறவைக்கு வெக்கிற தண்ணி கிண்ணம், தினமும் கொட்டி தேய்ச்சு மாத்துங்க. 1883ல நம்ம பெங்களூர்ல வேலை பாத்த பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் ரொனால்ட் ராஸ், தேங்குன தண்ணிய ஒழிச்சா கொசுவ கட்டுப்படுத்தலாம்னு இங்கதான் யோசிக்க ஆரம்பிச்சாரு. 1898ல கல்கத்தால கொசு கடிச்சு மலேரியா எப்படி பரவுதுன்னு முழுசா காட்டுனதும் குருவி மாதிரி பறவைங்கள வெச்சுதான், மனுஷன வெச்சு இல்ல.

எங்க விடுறதுன்னு கேட்டீங்கல்ல, எடுத்த இடத்துலயே விடுங்க. அங்க இருக்குற புறாக்களுக்கு இந்த கிருமி புதுசு இல்ல. காத்து நல்லா இருக்கும்னு மலைப்பக்கம் எங்கயாவது கொண்டு போய் விட்டுடாதீங்க. பறவை மலேரியா கிருமிகளையும் அதோட பங்காளிகளையும் பட்டியல் போட்டு வெச்சிருக்குற மால்அவி தரவுத்தளத்துல இந்த ஒட்டுண்ணிகள்ல 4,000க்கு மேல மரபணு வகை பதிவாகியிருக்கு, ஒவ்வொண்ணும் எந்தப் பறவைகிட்ட எப்படி நடந்துக்கும்னு சொல்லவே முடியாது. ஹவாய்ல இப்படித்தான், நம்ம சாக்கடைல வளர்ற அதே கியூலெக்ஸ் கொசு 1826ல கப்பல்ல போய் இறங்குச்சு, பல வருஷம் கழிச்சு பறவை மலேரியாவும் வந்து பரவுச்சு, இந்த நோய பாத்தே இராத தேன்சிட்டு மாதிரி குட்டிப் பறவைங்க கூட்டம் கூட்டமா செத்துச்சு, மிச்சம் இருக்குறது பல இனம் கொசு ஏறாத உசரமான மலைல மட்டும் ஒதுங்கியிருக்கு.

கால் புண் ஆறட்டும், பெட்டிக்குள்ளயே றெக்கை அடிச்சு பாக்கும், அப்ப காலைல வெயில் வந்ததும் அதே பால்கனில திறந்து விடுங்க. அப்புறம் வலை கட்டணும்னா கட்டிக்கோங்க, மாமியாரும் சமாதானம் ஆகிடுவாங்க.