வேலூரா, வெயிலூரா? வாசகர் கேள்வி, நம்ம பதில்

"உங்க ஊரைப் பத்தி வெளியூர்க்காரங்க சொல்றதுல உங்களுக்கு ரொம்ப கடுப்பேத்தறது எது"ன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன். லெட்டர், வாட்ஸ்அப்னு வந்து குவிஞ்சிடுச்சு. கல்யாண விஷயம், வீட்டு விஷயம்லாம் இருக்கறதால யார் பேரும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: என் பொண்ணுக்கு வேலூர் சத்துவாச்சாரியில மாப்ள பாத்திருக்கோம். நல்ல குடும்பம், பையனும் தங்கம். ஆனா எங்க நாத்தனார் "தண்ணியில்லாத ஊருக்கா பொண்ணைக் குடுக்கப் போறே"ன்னு ஒரே பிடியா நிக்கறாங்க. நெஜமாவே அப்படியா சார்? (தாம்பரம் வாசகி)

அம்மா, உங்க நாத்தனார் புதுசா ஒண்ணும் சொல்லல. எங்க ஊரைப் பத்தி ஒரு பழைய லிஸ்ட்டே இருக்கு. சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, அதிகாரமில்லாத போலீஸ். கடைசியா பொண்ணுங்களைப் பத்தி ஒண்ணு வரும், அதை நான் எழுத மாட்டேன், எங்க வீட்லயே ரெண்டு பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கறாங்க. இதுல வேடிக்கை இன்னான்னா, இந்த லிஸ்ட்டை எந்த ஊர்க்காரன் கட்டினானோ தெரியாது, ஆனா வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு காபி குடுக்கறதுக்கு முன்னாடி இதை ஒப்பிக்கறது நாங்கதான்.

போலீஸ்னு சொன்னது கோட்டைக்குள்ள டிரெயினிங்ல இருந்த பசங்களை. சாமி மேட்டர் 1981லயே முடிஞ்சு போச்சு. ஜலகண்டேஸ்வரர் கோயில் பல காலம் மூலவர் இல்லாம வெறும் கட்டடமா கெடந்தது, அந்த வருஷம்தான் ஊர் ஜனம் சேந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வெச்சாங்க, எங்கருந்து தெரியுமா, உங்க சம்பந்தி ஊரு சத்துவாச்சாரியிலருந்துதான். சாமி வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, லிஸ்ட்டைத்தான் யாரும் திருத்தல.

தண்ணிக்கு வர்றேன். பாலாறு வருஷத்துல முக்காவாசி நாள் மணல்தான், ஒத்துக்கறேன். நந்தி மலையில பொறந்து ஆந்திரா வழியா வர்ற ஆறு, மேல ஏரி, தடுப்பணைன்னு நிறுத்தி நிறுத்தி எங்களுக்கு வர்றதுக்குள்ள வத்திடுது. 1892ல மெட்ராஸும் மைசூரும் போட்ட ஒப்பந்தத்துலயே பாலாறு பேர் இருக்கு, அவ்ளோ பழைய பஞ்சாயத்து. மிச்சத்தை மணல் லாரி பாத்துக்குச்சு. எங்க பாட்டி ஆத்துல உக்காந்து கையாலயே மணலைத் தோண்டுவாங்க, முழங்கை ஆழம் போறதுக்குள்ள ஊத்து கசியும், மொதல் தண்ணி கலங்கலா வரும், அதை எறைச்சு ஊத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா ஊர்க்கதை பேசிகினு இருந்தா கண்ணாடி மாதிரி தெளிஞ்சு நிக்கும், அப்புறம் சொம்பால மொண்டு குடத்துல ஊத்துவாங்க. அதே எடத்துல இப்ப சீமைக் கருவேலம்தான் நிக்குது.

ஆனா அதுக்காக ஊரே நாக்கு வறண்டு கெடக்கறதா நெனைக்காதீங்க. மேட்டூர்லருந்து காவிரி கூட்டுக் குடிநீர் வருது. வீட்ல ரெண்டு தண்ணி இருக்கும், போர்ல வர்றது உப்புத் தண்ணி, பக்கெட் ஓரத்துல வெள்ளையா படிஞ்சு நிக்கும், தெருக் குழாய்ல வர்றது நல்ல தண்ணி. உங்க பொண்ணு வந்ததும் மாமியார்கிட்ட மொதல்ல கேட்டுக்க வேண்டியது நல்ல தண்ணி எந்த நாள், எத்தனை மணிக்குன்றதுதான், மத்ததெல்லாம் தானா பழகிடும்.

இன்னொண்ணு, இதை உங்க நாத்தனார்கிட்ட அப்படியே படிச்சுக் காட்டுங்க. 2019 ஜூலையில சென்னை தவிச்சப்போ 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில் ஏறி வில்லிவாக்கம் போச்சே, அது ஜோலார்பேட்டையிலருந்து போனது, ஜோலார்பேட்டை அப்ப எங்க வேலூர் மாவட்டம். தண்ணியில்லாத ஊர்தான் தண்ணி குடுத்தது. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினதை ஊரே பாலத்து மேல நின்னு வேடிக்கை பாத்துச்சு, பாதிப் பேர் கைல செல்போன், மீதிப் பேர் கன்னத்துல போட்டுக்கினாங்க.

பயப்படாம பேசி முடிங்க. வெயிலைப் பத்தி மட்டும் நான் எதுவும் சொல்ல மாட்டேன், அதுல உங்க நாத்தனார் கட்சிதான் நானும். வெயிலூர்னு நாங்களே சொல்லிக்கறோம்.

கேள்வி: நான் காட்பாடி. வெளியூர்ல எந்த ஊருன்னு கேட்டா வேலூர்னு சொல்றதா காட்பாடின்னு சொல்றதா? வேலூர்க்காரங்க எங்களை ஊரோட சேத்துக்க மாட்றாங்க. (காந்தி நகர் வாசகர்)

ரயில்ல பேசறதா இருந்தா காட்பாடி, பொண்ணு பாக்கப் போனா வேலூர். சென்னை பெங்களூர் ரயில்ல போறவனுக்கு உங்க ஊர்தான் தெரியும், எங்க ஊர் பேர்ல இருக்கற கன்டோன்மென்ட் ஸ்டேஷன் விழுப்புரம் லைன்ல ஒரு ஓரமா நிக்குது. 1984ல வேலூர் இன்ஜினியரிங் காலேஜ்னு ஆரம்பிச்சு இப்ப விஐடியா நிக்கற காலேஜ் இருக்கறது உங்க பக்கம், பேர்ல இருக்கறது எங்க ஊரு. அப்ப யாரு யாரை சேத்துக்கல?

சத்தியமா சொன்னா நடுவுல ஆறு இருக்கறதுதான் விஷயம். 2008ல வேலூர் கார்ப்பரேஷன் ஆச்சு, 2011ல காட்பாடி, சத்துவாச்சாரின்னு சுத்து ஊரெல்லாம் சேத்து 60 வார்டு ஆக்கினாங்க, பேப்பர்ல எல்லாம் ஒரே ஊர்தான். ஆனா இன்னிக்கும் உங்க ஏரியா அம்மாங்க பஸ் ஏறும்போது "வேலூர் போய்ட்டு வர்றேன்"னுதான சொல்றாங்க. சத்துவாச்சாரியிலயும் அதேதான், "டவுனுக்கு போறேன்"னுவாங்க. வீட்டு வரி ரசீதுல மாநகராட்சி, வாயில இன்னும் பக்கத்து ஊரு.

கேள்வி: சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் போனா எங்க பாத்தாலும் இந்தி, பெங்காலி போர்டு. ஓட்டல்ல கூட மீன் கொழம்பு அவங்க ஊர் டேஸ்ட்டு. இது நம்ம ஊரா வேற எவன் ஊரா? (கொசப்பேட்டை வாசகர்)

சார், கோபம் புரியுது, வாடகையும் அந்தப் பக்கம் ஏறிப்போச்சு. ஆனா போன மாசம் நான் பாத்த ஒண்ணை சொல்றேன். காந்தி ரோடு சந்துல ஒரு காய்கறி வண்டி, நம்ம ஊர் அம்மாதான், கால்ல மெட்டி, வாயில வெத்தலை. எதிர்ல ஒரு பெரியவர், கைல ஆஸ்பத்திரி ஃபைலு, பிளாஸ்டிக் கவர் போட்டு நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்காரு. அவரு "கொத்தோ"ன்னு கேக்கறாரு, இந்தம்மா வெரலைக் காட்டாம பெங்காலியிலயே வெலை சொல்லுது, அவரு கொறைக்கச் சொல்றாரு, இந்தம்மா "தாதா"ன்னு, அதான் அண்ணேன்னு, ஆரம்பிச்சு ஒரு நீட்டு நீட்டுது, கடைசியில ரெண்டு பச்சை மொளகா கொசுறு போட்டு அனுப்புது. எங்கம்மா கத்துக்கினேன்னு கேட்டா "யாரு சொல்லிக் குடுத்தா, அவங்க கேட்டாங்க நான் சொன்னேன்"னுது.

அந்தப் பெரியவருக்கு வேலூர்னா இன்னா? காட்பாடி ஸ்டேஷன், ஆட்டோ, லாட்ஜ் ரூம், வாடகை ஸ்டவ், டோக்கன் க்யூ, அவ்ளோதான். கோட்டை எந்தப் பக்கம்னு கூட தெரியாது. பல நாள் தங்கிட்டு ஊருக்குப் போய் வேலூர் ஒரே கூட்டம், ஒரே வெயில்னு சொல்லுவாரு, இல்ல எங்க வீட்டுக்காரி உயிர் வந்த ஊருன்னு சொல்லுவாரு. ரெண்டுமே ரெண்டு கிலோமீட்டர் வேலூரைப் பத்தினதுதான்.

வெளியூர்க்காரின்னு பாத்தா அந்த ஆஸ்பத்திரியே 1900ல ஒரு கட்டிலோட ஆரம்பிச்சது ஐடா ஸ்கடர் அம்மா. அமெரிக்காக்காரங்கன்னு சொல்றோம், அவங்க பொறந்தது ராணிப்பேட்டையில, 1870ல. 1918ல பொம்பளைங்களுக்குன்னு மருத்துவப் பள்ளிக்கூடம் தொறந்தாங்க. இப்ப அவங்களை எந்த லிஸ்ட்ல சேக்கறது, நீங்களே சொல்லுங்க.

கேள்வி: இன்டர்வியூல ஊர் தொரப்பாடின்னு சொன்னேன், "ஓ, ஜெயிலா"ன்னு சிரிக்கறாங்க. இன்னா பதில் சொல்றது? (தொரப்பாடி வாசகர்)

தம்பி, "உள்ள இல்ல சார், வெளிய"ன்னு நீங்களே முந்திக்கோங்க. 1830லருந்து இருக்கற ஜெயிலு, அதை மறைக்க முடியாது. நம்ம ஊருக்கு ஆசைப்பட்டு வந்தவங்களை விட கொண்டுவந்து வெக்கப்பட்டவங்கதான் ஜாஸ்தி. திப்பு குடும்பத்தைக் கோட்டையில வெச்சாங்க, இலங்கையில கண்டியை ஆண்ட ராஜா விக்கிரம ராஜசிங்கனைக் கொண்டுவந்து அடைச்சாங்க, 1832ல இங்கியே செத்தாரு, பாலாத்தங்கரையில அவரு சமாதி, முத்து மண்டபம் இருக்கு. ராஜா இல்லாத கோட்டைன்றாங்களே, ராஜா இருந்தாரு, கைதியா இருந்தாரு.

கேள்வி: மாவட்டத்தை மூணாப் பிரிச்சப்புறம் வேலூருக்கு இன்னா மிச்சம்? பிரியாணியும் போச்சு, ஏலகிரியும் போச்சு. (குடியாத்தம் வாசகர்)

2019 நவம்பர் 28ல ராணிப்பேட்டை மாவட்டம், திருப்பத்தூரும் அதே நாள் பக்கத்துல. ஆம்பூர் பிரியாணி, வாணியம்பாடி, ஏலகிரி திருப்பத்தூர் பக்கம். ஆற்காடு மக்கன் பேடா, சோளிங்கர் மலை ராணிப்பேட்டை பக்கம். நமக்கு அணைக்கட்டு, கே.வி.குப்பம், பேரணாம்பட்டு, உங்க குடியாத்தம் லுங்கி, அப்புறம் 2023ல புவிசார் குறியீடு வாங்கின முள்ளு கத்திரிக்காய். அந்தக் கத்திரிக்காய்ல எண்ணெய் கொழம்பு வெச்சா பிரியாணி போன வருத்தம் கொஞ்சம் கொறையும், முழுசா கொறையாது.

எனக்கு உறுத்தறது வேற. பெருமையைப் பிரிச்சு எடுத்துக்கினு போய்ட்டாங்க, பழி மட்டும் வேலூர் பேர்லயே நிக்குது. தோல் ஷாப், அதான் தோல் பதனிடற தொழிற்சாலை, கழிவு ஓடினது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுன்னு பாலாறு நெடுக. அதுக்காகப் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் 1996ல தீர்ப்பு சொல்லுச்சு, கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்னு. வழக்கோட பேர் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம். இன்னிக்கு இந்தியா பூரா சட்டம் படிக்கற பசங்க வேலூர் பேரை மனப்பாடம் பண்றாங்க, எதுக்குன்னா கழிவுத் தண்ணிக்கு. கேஸ் போட்டவங்க இந்த ஜில்லா ஜனங்கதான்னு ஒருத்தன் கூட யோசிக்கறதில்ல. கெடுத்த பேரும் வேலூருக்கு, கேட்ட பேரும் வேலூருக்கு, ஆனா ஊர்ல பேசறது மொதல் பேரை மட்டும்தான். ராணிப்பேட்டையில கொட்டின குரோமியக் கழிவு மாவட்டம் பிரிஞ்சா கரைஞ்சா போய்டும், நெலத்தடித் தண்ணிக்கு எல்லைக்கல்லு தெரியுமா?

கேள்வி: ஸ்மார்ட் சிட்டி ஆனதுல உங்க தெருவுக்கு இன்னா வந்துச்சு? (அலமேலுமங்காபுரம் வாசகி)

2016ல லிஸ்ட்ல பேர் வந்துச்சு. எங்க தெருவுக்குப் பள்ளம் வந்துச்சு, அதுல நான் ஒருவாட்டி ஸ்கூட்டியோட போய்ட்டு வந்தேன். அதுக்கு மேல கேக்காதீங்க அக்கா.

கேள்வி: பெங்களூர்ல வேலை, இங்கியே வீடு வாங்கிட்டேன். அப்பா அம்மா வேலூரை விட்டு வர மாட்டேன்றாங்க. அந்த வெயில்ல அப்படி இன்னாதான் இருக்கு? (வேலூர்லருந்து போன வாசகர்)

தம்பி, நீங்க பெங்களூர்ல உக்காந்துகினு பாக்கறது 40 டிகிரியை. உங்கப்பா பாக்கறது சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடியில ரெண்டு குடம் தண்ணி தெளிச்சா தரை "சுர்"ருனு ஆவி விட்டு அடங்குமே அதை, அப்புறம் பாய் போட்டு படுத்தா கோட்டைப் பக்கத்துலருந்து வர்ற காத்தை. கத்திரியில பத்து நாள் கூட்டினு போங்க, வருவாரு. அதுக்கு மேல நிறுத்தாதீங்க, பதினோராவது நாள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு "குழாய்ல தண்ணி விட்டாங்களா"ன்னு கேக்க ஆரம்பிச்சிடுவாரு.