பாரைக் கலைக்காமல் மக்காச்சோளம் போடலாமா?

கேள்வி: கிணற்றுப் பாசனத்தில் மக்காச்சோளம் போடுகிறேன். அறுவடை முடிந்ததும் சட்டிக் கலப்பை, கொக்கிக் கலப்பை, ரோட்டவேட்டர், அப்புறம் பார் பிடிப்பு (மண்ணை வரிசையாக மேடு கட்டுவது) என்று டிராக்டர் வாடகையே கட்டுப்படியாகவில்லை. உழவைக் குறைத்தால் பார்களுக்கு நடுவே உள்ள சாலில் (பள்ளத்தில்) தண்ணீர் பாயுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை வட்டாரம்

பதில்: பாயும். ஆனால் அறுத்த மக்காச்சோளத் தட்டை சாலில் கிடக்கக் கூடாது. நறுக்கிப் பார் மேல் போட்டுவிட வேண்டும். சாலில் சருகு தேங்கினால் தலைமாட்டிலேயே நீர் இறங்கி, கடைமடை காய்ந்துவிடும். அதனால் சால் பள்ளத்தை மட்டும் பார் கலப்பையால் ஒரு ஓட்டு ஓட்டித் திறந்துவிடுங்கள். பாரை அப்படியே விட்டு, பழைய தூரை ஒட்டிப் புது விதையை ஊன்றலாம். மெக்சிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில் கோதுமையையே பாரில் விதைத்துச் சாலில் நீர் பாய்ச்சுகிறார்கள். அங்கே சிம்மிட் என்னும் சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுக்கணக்கில் அதே பார்களில் பயிர் எடுத்துக் காட்டியிருக்கிறது.

முதலில் ஒன்று செய்யுங்கள். நீர் பாய்ச்சி ஈரம் சற்று வடிந்ததும் ஒரு இரும்புக் கம்பியைப் பாரில் குத்திப் பாருங்கள். ஒரு சாண் இறங்கி நங்கென்று நின்றால் அடிமண் இறுகிக் கிடக்கிறது. வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். மேல்மண் மாவாகத் தெரிவதைப் பார்த்து நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம். அப்படி இறுகியிருந்தால், நிலம் காய்ந்ததும் உளிக்கலப்பையால் 40 செ.மீ. ஆழத்துக்குக் கீறிவிட்டு, புதிதாகப் பார் பிடியுங்கள். அதன் பிறகு டிராக்டர் டயர் சாலில் மட்டுமே ஓட வேண்டும். பார் மேல் ஏறினால் செய்த வேலை வீண். டயர் இடைவெளி உங்கள் பாருக்குப் பொருந்துகிறதா என்று வாடகைக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

காய்ந்த தட்டை மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். இளம்பயிர் வெளுத்தால் யூரியாவைச் சற்று முன்னதாக வையுங்கள். கோரை மண்டிய வயல் என்றால் இந்த முறையில் இறங்க வேண்டாம், கோரையை ஒழித்த பிறகு பார்க்கலாம்.

மக்காச்சோளத்தின் குருத்தைத் தின்னும் படைப்புழு விஷயத்தில் மட்டும் கவனம். அதன் கூட்டுப்புழு மண்ணில் 2 முதல் 8 செ.மீ. ஆழத்தில்தான் கிடக்கும். போன போகத்தில் தாக்குதல் கடுமையாக இருந்திருந்தால், அந்த வயலுக்கு இந்த வருடம் கோடை உழவு போட்டே ஆக வேண்டும். அடுத்து புதிதாகப் பார் பிடித்து உளுந்து போட்டு எடுத்துவிட்டு, அந்தப் பாரையே கலைக்காமல் மக்காச்சோளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.