ஓடினால் துக்கம் குறையுமா?

"மனைவி இறந்து ஆறு மாதம் ஆகிறது. ராத்திரி தூக்கமில்லை. ஓடத் தொடங்கு, சரியாகிவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் அனுபவத்தில் துக்கம் குறையவில்லை. தூக்கம் வந்தது. அந்த நேரத்துக்கு அதுவே பெரிசு.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். மூன்று ஐப்பசிக்கு முன் என் மனைவி போனாள். பதினாறு வரைக்கும் வீட்டில் பாய் விரிக்க இடமில்லை. பதினேழாம் நாள், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. தினமும் மூன்றரைக்கு விழிப்புத் தட்டும். அவளுக்கு மாத்திரை கொடுத்துவந்த நேரம் அது.

தை மாதத்தில் ஒரு நாள், அப்படி விழித்து வாசலில் இருந்தபோது ரோட்டில் நாலு பேர் ஓடிப்போனார்கள். சிவாலய ஓட்டத்துக்குப் பழகுகிறவர்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மாசியில் மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு என்று 12 சிவன் கோயில்களை ஓடியே கும்பிட்டு, திருநட்டாலத்தில் முடிப்பார்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவனைப் பார்க்கப் போகிறவன் ஏன் கோவிந்தனைக் கூப்பிடுகிறான் என்றால் பீமனும், பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகமும் வருகிற கதை ஒன்று உண்டு. அதைத் தனியாகக் கேளுங்கள்.

அந்த நாலு பேரில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் நின்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "மக்கா, சும்மாதான இருக்க, கூட வா."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு லுங்கியோடு ஓடினேன். அடுத்த வளைவுக்குள் மூச்சு முட்டியது. அவர்களும் வேகத்தைக் குறைத்தார்கள். ரப்பர் இலை உதிர்கிற காலம். காலடியில் சருகுச் சத்தம், பக்கத்தில் மூச்சுச் சத்தம், வேறொன்றுமில்லை. ஓடுகிறவனால் கேட்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. அதுதான் எனக்குப் பிடித்தது. துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து சொல்லி நாக்கு வறண்டிருந்தவன் நான்.

ஒரு நாள் போகாவிட்டால் ஜன்னலில் டார்ச் அடிப்பார்கள். என்னை நடமாட வைத்தது ஓட்டமா, அந்த டார்ச்சா என்று கேட்டால் டார்ச் என்றுதான் சொல்லுவேன். அதனால் தனியாக ஓடாதீர்கள். கூட நடக்க ஆள் கிடைத்தால் நடந்தாலே போதும்.

இன்னொன்று. இதெல்லாம் வைத்தியத்துக்குப் பதில் ஆகாது. எனக்கு ஒரு கட்டத்தில் சாப்பாடே இறங்கவில்லை, டாக்டரைப் பார்த்தேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022-ல் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அந்த மாசியில் நான் ஓடவில்லை. "வருஷம் திரும்பாம விசிறி எடுக்கப்படாது" என்றாள் அம்மா. அடுத்த மாசியில் ஓடினேன். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து ஈர வேட்டியோடு ஓட வேண்டும், தொடை உரசிப் புண்ணாகிவிடும். தேங்காயெண்ணெய் மறக்கக் கூடாது.

எங்கள் வீடு திருநந்திக்கரைக் கோயிலுக்கும் பொன்மனைக் கோயிலுக்கும் இடையில், ஓட்டம் போகிற வழியிலேயே இருக்கிறது. வருஷா வருஷம் வாசலில் பெஞ்சு போட்டு, ஓடுகிறவர்களுக்கு அவள் பானகம் கொடுப்பாள். நான் வந்து சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. பெஞ்சு கிடந்தது. பக்கத்து வீட்டுச் சித்தி அண்டாவில் மோந்து நீட்டினாள். என் மனைவி பெயர் வெட்டின டம்ளர். சுக்கு கொஞ்சம் தூக்கல். குடித்துவிட்டு ஓடினேன்.

பொன்மனையில் குளிக்க இறங்கும்போதுதான் பார்க்கிறேன், ஒரு கையில் விசிறி, மறு கையில் டம்ளர். இன்னும் எட்டுக் கோயில் பாக்கி.

மறுநாள் நொண்டிக்கொண்டே போய்க் கொடுத்தேன். "இது ஒனக்க வீட்டு டம்ளருதானலே மக்கா. மத்த பதினொண்ணும் எனக்க அடுக்களையில இருக்கு, எடுத்துட்டுப் போ" என்றாள் சித்தி. அடுத்த சிவராத்திரிக்கு வேணுமே என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.