50 வயதுக்கு மேல் முகச் சுருக்கத்துக்கு எந்த க்ரீம் வாங்கலாம்? விலை கூடினால் பலனும் கூடுமா?

உங்களையும் யாரோ “ஏன் ஒரு மாதிரி வாடிப்போய் இருக்கே?” என்று கேட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நான் தோல் டாக்டர் இல்லை, க்ரீம் விற்பவளும் இல்லை. “வயதானால் சுருங்கத்தான் செய்யும், ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று உபதேசிக்க வருகிறவர்களுக்கு: ஏற்றுக்கொண்டாயிற்று. ஏற்றுக்கொண்டே க்ரீமும் பூசுகிறேன்.

நான் முதலில் வாங்கியது கடையிலேயே விலை கூடிய கொலாஜன் (தோலை உறுதியாக வைக்கும் புரதம்) க்ரீம். தங்க நிற மூடி, கனமான கண்ணாடி டப்பா. நாலு மாதம் பூசினேன். முகம் மெத்தென்று இருந்தது, கோடுகள் அப்படியேதான் இருந்தன. அப்புறம்தான் தெரிந்தது, சுமார் 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு தோலுக்குள் நுழைவதே கஷ்டமாம். கொலாஜன் ஏறக்குறைய 3 லட்சம் டால்டன்! தோலின் மேல் உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். அந்த வேலையைச் சாதாரண கிளிசரின் மாய்ஸ்சரைசரே செய்துவிடும்.

அடுத்து ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். இதற்கு நிஜமாகவே பலன் உண்டு, ஆனால் நான் அவசரப்பட்டேன். வீட்டு விசேஷத்துக்கு மூன்று வாரம் இருந்தது. 1 சதவீதம் உள்ளதை எடுத்து ராத்திரி தவறாமல் தடவினேன். ஒன்பதாம் நாள் வாயோரத்தில் தோல் செதில் செதிலாக உரிந்தது, சிரித்தால் எரிந்தது. விசேஷப் படங்கள் எல்லாவற்றிலும் நான் உம்மென்றுதான் நிற்கிறேன்.

தோல் டாக்டரிடம் ஓடினேன். அவர் என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆபீஸில் ஜன்னல் உங்களுக்கு இடது பக்கமா?” என்று கேட்டார். 17 வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். இடது கன்னத்தில்தான் கரும்புள்ளியும் திட்டும் அதிகம். நான் அதைக் கவனித்ததே இல்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரில் இரண்டு வகை தோலைத் தொடும்: யுவிபி, யுவிஏ. யுவிபியை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும், யுவிஏ பெரும்பாலும் உள்ளே வந்துவிடுமாம். அதனால் சன்ஸ்கிரீன்தான் முதல் செலவு. எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவைக் காட்டும் எண்) 30க்குக் குறையாமல், யுவிஏவையும் தடுப்பதாக இருக்கட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும், பொட்டு வைப்பதுபோல் வைத்தால் போதாது. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 900 பேரை நாலரை வருஷம் கவனித்திருக்கிறார்கள். தினமும் பூசியவர்களின் தோல் மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாகவே முதிர்ந்திருந்தது. முடிவு வெளியானது 2013இல்.

இரண்டு வாரம் வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும் போடச் சொன்னார். பிறகு 0.3 சதவீத ரெட்டினால், பட்டாணி அளவு, வாரம் இரண்டு ராத்திரி. பலன் தெரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. (கர்ப்பிணிகள் இதைத் தொடக்கூடாது, இளையவர்களும் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.) ரெட்டினால் வெளிச்சமும் காற்றும் பட்டால் கெடும். திறந்து விரல் விடும் டப்பா வேண்டாம், டியூபோ பம்ப்போ வாங்குங்கள். வைட்டமின் சி சீரமும் இப்படிக் கெடும், பழுப்பாகிவிட்டால் தூக்கி எறியுங்கள்.

லேபிளில் பெரும்பாலும் எது அதிகமோ அது முதலில் வரும். ரெட்டினால் போலக் கொஞ்சமே சேர்ப்பதைத் தவிர, விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட பொருள் கடைசி வரிசையில் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். படிக்க முடிந்தால்தானே என்கிறீர்களா? வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு விற்கும் டப்பாவில் எறும்பு சைஸில் அச்சடிக்கிறவர்களை என்ன சொல்ல! நான் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறேன்.

இன்னொன்று. என் வீட்டுக்காரர் என்னைவிட நாலு வயது மூத்தவர், சோப்பைத் தவிர எதுவும் முகத்தில் பட்டதில்லை. அவருக்கு நரைத்தால் “கம்பீரம்”, எனக்கு நரைத்தால் “உடம்பு சரியில்லையா?”. இதற்கு எந்தக் கடையிலும் க்ரீம் இல்லை.

சரி, பிராண்ட் பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். என் தோல் வேறு, உங்கள் தோல் வேறு. ஒன்றரை வருஷமாகிறது. கண்ணோரக் கோடுகள் கொஞ்சம் மென்மையாகியிருக்கின்றன. இடது கன்னத்துத் திட்டு வெளிறியிருக்கிறது, போகவில்லை. ஆபீஸில் நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டேன்.