காட்டுச்செடி இலையில வர்ற பூஞ்சைய கண்டுபிடிக்கறது எப்படி? – கேள்வி பதில்

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. செடி பேரு, இலையோட அடிப்பக்கம், எந்த ஊரு எந்த மாசம், இது மூணும் வேணும். இலையில வாழற துரு (இரும்புத் துரு மாதிரி பொடி வர்ற பூஞ்சை, ரஸ்ட்னு சொல்றது), கருப்புப் பூஞ்சை எல்லாம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட செடி இனத்தையே புடிச்சிட்டு இருக்கும், அதனால செடி பேரு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கேள்வி (பொள்ளாச்சி): தோப்பு வேலியில ஆடாதோடை, நொச்சி எல்லாம் கரி பூசின மாதிரி ஆயிடுச்சு மேடம். என்ன பூஞ்சை?

ஈரத்துணியால ஒரு இலைய துடைங்க. கருப்பு படலமா உரிஞ்சு வந்து அடியில இலை பச்சையா இருந்தா அது கரும்பூசணம். மேல தென்னை ஓலைய அண்ணாந்து பாருங்க, சுருள் வெள்ளை ஈ இருக்கும். 2016ல உங்க பக்கம்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. அது கழிக்கற தேன் மாதிரி தண்ணி கீழ சொட்டும், அந்த சர்க்கரையில வளர்றதுதான் இந்த கருப்பு. செடிக்குள்ள போகாது, வெயில மறைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி (கொல்லிமலை): என்னோடதும் கருப்புதான், ஆனா பொட்டு பொட்டா வட்டமா இருக்கு, துடைச்சா போகல. வெள்ளை ஈயும் இல்ல. நான் காலேஜ்ல பாட்டனி படிக்கறேன், மைக்ராஸ்கோப் கிடைக்கும்.

தம்பி, இந்த மாதிரி கேள்விக்குத்தான் உக்காந்திருக்கேன். துடைச்சா போகலன்னா அது வேர் மாதிரி உறுப்ப இலைத்தோல் செல்லுக்குள்ள விட்டு சாப்பாடு எடுக்குதுன்னு அர்த்தம், அநேகமா மெலியோலாங்கற கருப்புப் பூஞ்சைக் கூட்டம். நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில இந்த கூட்டத்த வகைப்படுத்தறதுல பூஞ்சை ஆராய்ச்சியாளர் ஹோசகவுடர் அளவுக்கு வேலை செஞ்சவங்க கம்மி, அவர் பயன்படுத்தின வழியே ரொம்ப எளிசு. கலர் இல்லாத நெயில் பாலிஷ அந்த பொட்டு மேல மெல்லிசா ஒரு பூச்சு பூசுங்க, நல்லா காயட்டும், அப்புறம் பிளேடு நுனியால ஓரத்த கிளப்பினா பூஞ்சை அப்படியே படலத்தோட ஒட்டிக்கிட்டு வந்துடும், சுரண்டி எடுத்தா உடைஞ்சு போறதெல்லாம் இதுல முழுசா இருக்கும். ஸ்லைடுல வெச்சு 400 மடங்குல பாருங்க. பழுப்பு இழை ஓடும், அதோட ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன குமிழ் முளைச்சிருக்கும், ஒவ்வொண்ணும் ரெண்டு செல், நுனி செல்லு உருண்டை. அந்த குமிழ்தான் இலைய கவ்விப் புடிக்கற இடம். இழையில இருந்து கருப்பா விறைப்பா முடி நிமிர்ந்து நின்னா மெலியோலா, முடியே இல்லன்னா ஆஸ்டெரிடியெல்லாவா இருக்கலாம். ஸ்போர (பூஞ்சைக்கு விதை மாதிரி) பொறுமையா தேடுங்க, பழுப்பா, பெரும்பாலும் அஞ்சு செல் வரிசையா, சின்ன புழு மாதிரி. குமிழ் எதிரெதிரா இருக்கா மாறி மாறி இருக்கா, முடி நுனி கூரா இருக்கா கிளை பிரிஞ்சிருக்கா, ஸ்போர் நீளம் எத்தனை மைக்ரோமீட்டர், எல்லாத்தையும் எழுதி வைங்க. இனம் பிரிக்கறது அதுலதான். செடிய பூவோட ஒரு கிளை தனியா அமுக்கி வைக்க மறந்துடாதீங்க.

கேள்வி: என்ன மருந்து அடிக்கலாம்?

காட்டுச்செடிக்கு மருந்து வேண்டாம். அது அங்க காலங்காலமா இருக்கற உறவு.

கேள்வி (கோத்தகிரி): டீ எஸ்டேட் ஓரத்து புதர்ல இலை மேல ஆரஞ்சு கலர்ல வெல்வெட் மாதிரி வட்டம். இங்க ரெட் ரஸ்ட்னு சொல்றாங்க. துருப் பூஞ்சைதானே?

பேருல மட்டும்தான் ரஸ்ட். வெல்வெட்டுன்னு நீங்க சொல்றத பாத்தா அது பூஞ்சையே இல்ல, செஃபலூரஸ்னு ஒரு பாசி. பச்சைப் பாசி இனம்தான், உள்ள ஆரஞ்சு நிறமி நிறைய இருக்கறதால பச்சை தெரியறதில்ல. விரலால தேச்சா துரு பொடியா ஒட்டும், இது அப்படி ஒட்டாது. துரு பெரும்பாலும் அடிப்பக்கம் வெடிக்கும், இது மேல்பக்கம் படரும்.

கேள்வி (ஏற்காடு): காரைச்செடி இலையில அடிப்பக்கம் மஞ்சள் ஆரஞ்சு பொடி. மைக்ராஸ்கோப்ல ஸ்போர் ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் முள்ளு முள்ளா இருக்கு. பக்கத்துல காப்பித் தோட்டம், பரவிடுமா அக்கா?

அடிப்பக்கமும் பாத்து ஸ்போரும் பாத்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ஆரஞ்சு சுளை மாதிரி வளைஞ்சு, முதுகுல முள்ளு, வயித்துப்பக்கம் வழவழப்பு, இது ஹெமிலீயா. அந்த பேருக்கே பாதி வழவழப்புன்னுதான் அர்த்தம். இலங்கைக் காப்பித் தோட்டத்த அழிச்ச ஹெமிலீயா வாஸ்டாட்ரிக்ஸுக்கு 1869ல பெர்க்லியும் புரூமும் பேரு வெச்சாங்க, காரை இனத்துல வர்ற ஹெமிலீயா கேந்தியிக்கு பேரு வெச்சதும் அவங்களேதான். சொந்தக்காரங்க, ஆனா வீடு வேற. காரையில இருக்கறது காப்பிக்கு போகும்னு பயப்பட வேண்டாம். இன்னொண்ணு பாருங்க, மத்த துரு மாதிரி இலைத்தோல கிழிச்சிட்டு வராம இது இலைத்துளை வழியா கொத்தா வெளிய வரும், பூச்செண்டு நீட்டின மாதிரி.

கேள்வி: புங்க இலையில விரல் விரலா குமிழ்?

சிலந்திப்பேன் இனம். பூஞ்சை இல்ல.

கேள்வி: மேடம் இது என்னன்னு சொல்லுங்க (போட்டோ மட்டும்)

செடி பேரு? அடிப்பக்கம்?

கேள்வி (கூடலூர்): உண்ணிச்செடி (லாண்டானா) இலையெல்லாம் வெளுத்து புள்ளி விழுந்து காயுது, அடியில கருப்பு கருப்பா பொட்டு. பூஞ்சைதான்னு நினைக்கறேன். அத அரைச்சு தண்ணியில கலக்கி மத்த இடத்துலயும் தெளிச்சா காட்ட மூடியிருக்கற உண்ணிய ஒழிச்சிடலாமே?

தயவுசெஞ்சு தெளிக்காதீங்க. என்னன்னே தெரியாத ஒண்ண கலக்கி காட்டுல ஊத்தறது ஆபத்து. உண்ணிச்செடிக்கு பூஞ்சை விடற முயற்சி நடந்திருக்கு, பிரேசில்ல இருந்து எடுத்த ஒரு துருவ 2001ல ஆஸ்திரேலியாவுல விட்டாங்க, அதுவும் பக்கத்துச் செடிய தாக்குதான்னு சோதிச்சு அனுமதி வாங்கி.

கூடலூர் திரும்ப: சோதனை சோதனைன்னு உக்காந்திருந்தா காடு போயிடும்க்கா. யானைக்கு மேய புல்லு இல்ல.

வேற ஒருத்தர் (வால்பாறை): அவர் சொல்றது சரிதான். காட்ட மூடற மிகானியா கொடிய ஒழிக்க அரசாங்கமே பூஞ்சை விட்டுச்சே.

காடு போறது எனக்கும் வலிக்குது, அதுல சந்தேகமே வேண்டாம். மிகானியா கதைய முழுசா கேளுங்க. பக்ஸினியா ஸ்பெகாசினின்னு ஒரு துரு, 2005ல அசாம்ல, 2006ல கேரளாவுல விட்டாங்க, அதுவும் மூடின ஆய்வுக்கூடத்துல சோதிச்ச பிறகு. இங்க நிலைக்கல. தைவான், ஃபிஜியில நிலைச்சது. அவ்வளவு பாடுபட்டு செஞ்சதே இந்த கதி, வாளியில கரைச்சு ஊத்தினா என்ன நடக்கும்? இன்னொரு விஷயம், உங்க போட்டோவ பெருசாக்கி பாத்தேன். அந்த கருப்பு பொட்டு பூஞ்சை மாதிரி எனக்கு தெரியல, பூச்சியோட எச்சம். டெலியோனீமியான்னு வலை மாதிரி இறக்கை உள்ள குட்டிப் பூச்சி அடிப்பக்கம் சாறு உறிஞ்சும், மேல இலை வெளுக்கும். இதையும் உண்ணிய ஒழிக்கத்தான் 1941ல டேராடூனுக்கு கொண்டுவந்தாங்க. தேக்குப் பூவையும் தொடுதுன்னு தெரிஞ்சதும் அழிக்கச் சொன்னாங்க, அதுக்குள்ள தப்பிச்சு நாடு முழுக்க பரவிடுச்சு. உண்ணிச்செடி அப்படியேதான் இருக்கு. ஒரு லென்ஸ எடுத்துட்டு இன்னொரு தடவ இலைய திருப்பிப் பாருங்க.

கூடலூர்: பாத்தேங்க்கா. ஓடுது, சின்னதா, கண்ணாடி மாதிரி இறக்கை.

அதுதான். உண்ணிய வேரோட புடுங்கி, அந்த இடத்துல நம்ம புல்லு வரவைக்கறவங்களோட சேருங்க. அதுக்கு நானும் வர்றேன்.

கேள்வி: சூரைப்பழச் செடியில வெள்ளைப் பொடி, என்ன மருந்து?

சாம்பல் நோய். மருந்து வேண்டாம்னு மேல சொல்லியிருக்கேன்.

கேள்வி: காட்டு மல்லியில கணு வீங்கி மஞ்சளா கோணிக்கிட்டு இருக்கு, மேல குட்டிக் கிண்ணம் மாதிரி.

யூரோமைசஸ் ஹாப்சோனி துருவா இருக்கலாம். அந்த கிண்ணத்துல இருக்கற பொடிய மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு எழுதுங்க.

இன்னும் எட்டு போட்டோ பாக்கி, எல்லாமே மேல்பக்கம். இலைய நியூஸ்பேப்பருக்கு நடுவுல வெச்சு கனமா ஏதாவது ஏத்துங்க, தினமும் பேப்பர மாத்துங்க, பாலித்தீன் பையில போட்டு வைக்காதீங்க, ரெண்டே நாள்ல வேற பூசணம் வந்து மூடிடும். அடிப்பக்க படத்தோட வாங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கறேன்.