ஓவர்கிளாக் செய்ய பிராசசர்: இப்போதா, பிறகா? – கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஓவர்கிளாக் செய்ய (கம்பெனி வைத்த வேகத்தை விடக் கூட்டி ஓட்ட) பிராசசர் வாங்க வேண்டும், இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா? ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பட்ஜெட், மதர்போர்டு, கூலர் என எந்த விவரமும் சொல்லாமல் 'ஒரு பிராசசர் சொல்லுங்க' என்று மட்டும் வந்தவற்றை அப்படியே ஒதுக்கிவிட்டேன், ஒன்றைத் தவிர.

தீபாவளி ஆஃபரில் ஐ5-14600கே பிராசசரும் பி760 போர்டும் சேர்த்து காம்போவாக வாங்கினேன். பயாஸில் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மல்டிபிளையர் (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கல் எண்) மாற்றும் இடமே இல்லை. போர்டு பழுதா? – ஆர்.கே., சேலம்

போர்டில் ஒரு குறையும் இல்லை. இன்டெலில் 'கே' என்று முடியும் பிராசசரின் மல்டிபிளையரை ஏற்ற 'இசட்' சிப்செட் (போர்டில் இருக்கும் துணைச் சிப்) வேண்டும். இசட்690, இசட்790 மாதிரி. பி760-இல் ரேம் வேகத்தை ஏற்றலாம், கோரின் (பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி) வேகத்தை ஏற்ற முடியாது. பணம் கட்டும் முன் பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது. காம்போ போடுகிறவருக்கு ஸ்டாக் தீர வேண்டும், உங்கள் ஓவர்கிளாக் அவர் கவலை இல்லை.

இனி போர்டை மாற்றலாமா என்றால், வேண்டாம். 14600கே தானாகவே 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. நல்ல கூலர் போட்டு, கையால் ஏற்றினாலும் 5.5, 5.6-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஐந்து சதவீதத்துக்காக இன்னொரு போர்டு வாங்குவது வீண். எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள், பயாஸை அப்டேட் செய்யுங்கள், நிம்மதியாக இருங்கள்.

ரைசன் 7 5800எக்ஸ்3டி எவ்வளவு வரை ஏறும்? – பெயர் இல்லை, கோவை

ஏறாது. இந்த ஏஎம்டி பிராசசர் மல்டிபிளையர் பூட்டியே வருகிறது.

புது தலைமுறை பிராசசர் வெளியாகும் அன்றே வாங்கினால்தான் ஓவர்கிளாக்குக்கு நல்ல பீஸ் கிடைக்கும், கம்பெனி முதல் லாட்டைப் பொறுக்கி எடுத்து அனுப்பும் என்கிறான் நண்பன். உண்மையா? – எம்.எஸ்., திருநெல்வேலி

நண்பர் சொல்வதற்கு நேர் எதிர்தான் பெரும்பாலும் நடந்திருக்கிறது. வருடாவருடம் வேறு வேறு பெயரில் வரும் கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்டெலின் கோர் 2 குவாட் கியூ6600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2007 ஜனவரியில் வந்தபோது சுமார் 850 டாலர். ஏப்ரலில் 530. ஜூலையில் 266. இதில் கவனிக்க வேண்டியது விலை மட்டும் இல்லை. முதலில் வந்தவை பி3 ஸ்டெப்பிங் (ஒரே சிப்பைத் திருத்தித் திருத்தி வெளியிடும் பதிப்புகளில் ஒன்று). விலை குறைந்த அதே சமயத்தில் வந்தது ஜி0. அதே பெயர், அதே 2.4 கிகாஹெர்ட்ஸ், ஆனால் சூடு குறைவு. 105 வாட் என்று போட்டிருந்தது 95 ஆனது. ஜி0-வை நல்ல கூலரில் 3.6 வரை ஓட்டியவர்கள் ஏராளம். பி3 அதற்கு முன்னாலேயே மூச்சு வாங்கும். ஆக, ஜனவரியில் வரிசையில் நின்றவர் மூன்று மடங்கு விலை கொடுத்து மட்டமான பீஸை வாங்கினார். அடுத்து வந்த ஐ7-920-இலும் இதே கதைதான்: 2008 இறுதியில் வந்த சி0-வை விட, அடுத்த ஆண்டு வந்த டி0 நன்றாக ஏறியது. தொழிற்சாலை ஒரு சிப்பை செய்யச் செய்யத்தான் கைப்பழக்கம் வரும். முதல் லாட்டில் அது இருக்காது.

அடுத்தது போர்டு. 2011 ஜனவரியில் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை வந்தது. அதில் ஐ5-2500கே ஓவர்கிளாக் செய்பவர்களுக்குக் கிடைத்த பொக்கிஷம், 3.3-இலிருந்து 4.5-க்கு அலட்டாமல் போகும். ஆனால் மாதம் முடிவதற்குள் இன்டெலே அறிவித்தது: கூட வந்த 6 வரிசை சிப்செட்டில் சில சாட்டா போர்ட்டுகள் (ஹார்ட் டிஸ்க் இணைக்கும் இடங்கள்) நாளாக ஆகக் கெட்டுப்போகும் குறை இருக்கிறது. சப்ளையை நிறுத்தி, திருத்திய சிப்செட்டை அனுப்பினார்கள். பிராசசரில் ஒரு குறையும் இல்லை. அவசரப்பட்டு வாங்கியவர்கள்தான் போர்டைக் கழற்றிக்கொண்டு கடைக்கு அலைந்தார்கள்.

2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டோடு (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) கருகின. எக்ஸ்போவை (ஏஎம்டியில் எக்ஸ்எம்பி மாதிரி) ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (பிராசசருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) இஷ்டத்துக்கு ஏற்றியதில் வந்த வினை. அப்புறம்தான் ஏஎம்டி 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி பயாஸ் வழியாகக் கடிவாளம் போட்டது. 2024 அக்டோபரில் வந்த இன்டெலின் ஆரோ லேக் தலைமுறை? கேம்களில் சோபிக்கவில்லை என்று அத்தனை பேரும் எழுத, இன்டெல் அடுத்தடுத்து அப்டேட் கொடுத்தது. அதில் 394 டாலருக்கு வந்த அல்ட்ரா 7 265கே, அடுத்த ஆண்டு நடுவில் 300 டாலர் பக்கம் வந்துவிட்டது.

என் கணக்கு இதுதான்: பிராசசர் வெளியாகி நான்கிலிருந்து ஆறு மாதம் பொறுங்கள். நீங்கள் வாங்கப்போகும் போர்டின் சப்போர்ட் பக்கத்துக்குப் போய், எத்தனை பயாஸ் வந்திருக்கிறது, கடைசியாக வந்தது எதைச் சரிசெய்தது என்று படியுங்கள். மாதம் இரண்டு பயாஸ் வந்துகொண்டிருந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். வரத்து அடங்கிய பிறகு வாங்கி, முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்யுங்கள். வெளியாகும் அன்றே வாங்கி, பெட்டி திறக்கும் வீடியோ போடத்தான் ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதை ஓவர்கிளாக்குக்கு வாங்கியதாகச் சொல்லாதீர்கள்.

சார், ஓவர்கிளாக்குக்கு நல்ல பிராசசர் ஒன்று சொல்லுங்க, அர்ஜென்ட். – சென்னை

பட்ஜெட்? கூலர்? பவர் சப்ளை? என்ன வேலைக்கு? இதெல்லாம் தெரியாமல் நான் எதைச் சொல்ல? அர்ஜென்ட் என்றால் ஓவர்கிளாக்கே வேண்டாம்.

டிசம்பரில் 5.2-இல் அருமையாக ஓடிய சிஸ்டம், மே மாதம் கேம் நடுவே ப்ளூ ஸ்கிரீன் காட்டுகிறது. பிராசசர் போய்விட்டதா? ஏசி இல்லாத அறை. – வி.ஜி., வேலூர்

கேள்வியின் கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். அறை வெப்பம் 12 டிகிரி ஏறினால் பிராசசர் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். சாதாரணக் கூலர் எதுவும் அறைக் காற்றை விடக் குளிராக்காது, வாட்டர் கூலரும் சேர்த்துத்தான். 100 அல்லது 200 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள், வோல்டேஜைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். குறைத்த பிறகும் ப்ளூ ஸ்கிரீன் வந்தால் ஓவர்கிளாக்கை முழுக்க எடுத்துவிட்டு, ரேமைச் சோதித்து எழுதுங்கள்.

நம் ஊர்க்காரர்களிடம் நான் எப்போதும் சொல்வது: வாங்குவதை ஏப்ரல், மே மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில், மதியம் 2 மணிக்குத் தொடங்கி, ஏசி போடாமல் ஒரு இரவும் பகலும் சோதனையில் தேறிய செட்டிங் வருடம் முழுக்க நிற்கும். குளிர் நாட்டு யூடியூபர் 20 டிகிரி அறையில் காட்டும் எண்ணை இங்கே எதிர்பார்த்துப் பணம் போடாதீர்கள்.

ரைசனில் அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கலாமா? கையில் ஏஎம்4 பி350 போர்டு, ரைசன் 5 1600. – டி.எஸ்., சிங்கப்பூர்

காத்திருப்பதற்கு முடிவே கிடையாது. 1600 இன்னும் வேலைக்குப் போதுகிறதா? போதுமென்றால் வாங்காதீர்கள். போதவில்லை என்றால் முதலில் உங்கள் போர்டுக்கான கடைசி பயாஸைப் பாருங்கள். 2017-இல் வந்த பல ஏஎம்4 போர்டுகள் ரைசன் 5000 வரிசையை ஏற்கின்றன. நல்ல விலையில் ஒரு 5600 கிடைத்தால் இன்னும் சில வருடம் ஓடும்.

புதிதாகத்தான் கட்டுவேன் என்றால் ஏஎம்5. அந்தச் சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இப்போது பி650 போர்டில் சாதாரண ஆறு கோர் பிராசசர் போடுங்கள். உச்சத்தில் இருப்பதை, சாக்கெட் ஓய்வு பெறும் சமயத்தில், விலை இறங்கியதும் வாங்குங்கள். ஏ620 மட்டும் வேண்டாம், அதில் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது. இன்னொன்று, ரைசனில் எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் கட்டிப்போட்டால் ஒற்றைக் கோர் வேகம் குறைந்துபோகவும் செய்யும். பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற செட்டிங்கில் வோல்டேஜைக் குறைப்பதுதான் அதில் லாபம்.

செகண்ட் ஹேண்டில் ஐ9-13900கே, பாதி விலை. ஓவர்கிளாக் செய்யாமல் வைத்திருந்தாராம். எடுக்கலாமா? – என்.ஆர்., மதுரை

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் ஓவர்கிளாக் செய்யாத பிராசசர்களும்தான் தேய்ந்தன. வோல்டேஜ் கோளாறு, காரணத்தை இன்டெல் விளக்கியது 2024-இல், முதலில் 0எக்ஸ்129 மைக்ரோகோடும் (பயாஸோடு வரும் பிராசசர் திருத்தம்) பிறகு 0எக்ஸ்12பி-யும் வந்தன. ஆனால் அவை இனிமேல் கெடாமல் பார்க்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. விற்பவர் எப்போது பயாஸ் அப்டேட் செய்தார் என்று கேளுங்கள். 'அப்டேட்டா?' என்று திருப்பிக் கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

பாக்ஸ் பீஸ்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டி ஐந்தாக்கியிருக்கிறது. அசல் பில், பெட்டி, சீரியல் எண் மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். ட்ரே பீஸ் (சில்லறைப் பெட்டி இல்லாமல் வருவது) என்றால் விற்ற கடைதான் பொறுப்பு, அந்தக் கடையில் உங்களை யாருக்குத் தெரியும்? பில் இல்லாமல் கால் விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

நன்றாக ஏறும் பீஸாகப் பொறுக்கி விற்பவர்கள் உண்டா? – எஸ்.பி., யாழ்ப்பாணம்

அமெரிக்காவில் சிலிக்கான் லாட்டரி என்று ஒரு கடை அதையே தொழிலாகச் செய்தது. ஒவ்வொரு பிராசசரையும் சோதித்து, இத்தனை கிகாஹெர்ட்ஸ் ஓடும் என்று சொல்லி விற்பார்கள். 2021-இல் மூடிவிட்டார்கள். ஏற்றுவதற்கு மிச்சமே வைக்காமல் கம்பெனிகளே ஏற்றி அனுப்பினால் இவர்கள் பொறுக்க என்ன இருக்கிறது? 2024-இல் வந்த 14900கேஎஸ்-ஐ 6.2 கிகாஹெர்ட்ஸ் என்று இன்டெலே பொறுக்கி விற்றது. அதையும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அந்த சூட்டை இறக்கும் கூலருக்குத் தனியாகச் செலவாகும்.

ஓவர்கிளாக் செய்தால் வாரண்டி போகுமா? – பலர்

விதிப்படி போகும். இன்டெல் முன்பு தனியாக விற்ற ஓவர்கிளாக் காப்புத் திட்டத்தையும் 2021-இல் நிறுத்திவிட்டது. விலக்கு ஒன்று உண்டு: அல்ட்ரா 200எஸ் (ஆரோ லேக்) வரிசை கே பிராசசர்களுக்கு, இசட்890 போர்டில், 200எஸ் பூஸ்ட் என்ற ஓவர்கிளாக் செட்டிங். 2025-இல் வந்தது, வாரண்டியோடு. அதற்கும் பயாஸ் அப்டேட் வேண்டும்.