மனைவி பேர்ல மனை வாங்கினா மெமோவா?

கேள்வி: என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ்ல ஜூனியர் அசிஸ்டென்ட். போன வருஷம் என் பேர்ல ஒரு மனை வாங்கினோம், ஆபீஸ்ல சொல்லல. இப்ப அவருக்கு 17(பி) மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு நோட்டீஸ், வந்திருக்கு. பேசாம மன்னிப்பு கேட்டு எழுதிக் கொடுத்துடுங்கன்னு கூட வேலை பாக்குறவங்க சொல்றாங்க. வேலை போயிடுமா?
பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: முதல்ல பயத்தை விடுங்கம்மா. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ல வந்தது, அதுல வீடு மனை வாங்குறதுன்னா முன்கூட்டியே தெரியப்படுத்தணும்னு இருக்கு. மனைவி பேர்ல வாங்கினாலும் அதுக்குள்ள வந்துடும், அதனால "என் பேர்ல இல்லையே"ங்கற வாதம் எடுபடாது.

மெமோ வர்றது ஒழுங்கு நடவடிக்கை விதிகள்படி, அதுல 17(ஏ) வேற, 17(பி) வேற. ஏ-ல விளக்கம் வாங்கிட்டு கண்டனமோ இன்க்ரிமென்ட் கட்டோ போட்டு முடிச்சிடுவாங்க. பி-ங்கறது பெரிய தண்டனைக்கான வழி, டிஸ்மிஸ் வரைக்கும் போக இடம் உண்டு, ஆனா அதுக்கு முன்னாடி விசாரணை அதிகாரி போடணும், சாட்சியை குறுக்கு விசாரணை பண்ண விடணும், விசாரணை அதிகாரியோட அறிக்கை காப்பியை உங்க வீட்டுக்காரர் கையில கொடுத்து பதில் வாங்கணும், அப்புறம்தான் ஆர்டரே. அதுவரைக்கும் ப்ரமோஷன் பேனல்ல, அதாவது பதவி உயர்வு பட்டியல்ல, பேர் வராது, நிஜமான அடி அங்கதான் விழும்.

மன்னிப்பு கடிதம் மட்டும் அவசரப்பட்டு வேண்டாம். 2003 அரசு ஊழியர் ஸ்ட்ரைக்ல லட்சக்கணக்கான பேரை டிஸ்மிஸ் பண்ணாங்களே, அப்ப நிபந்தனையில்லா மன்னிப்பு எழுதிக் கொடுத்து நிறைய பேர் திரும்பி வந்தாங்க, ஆபீஸ்ல அந்த ஞாபகத்துல சொல்றாங்க போல. அது அரசே சுப்ரீம் கோர்ட்ல ஒத்துக்கிட்ட ஏற்பாடு. இங்க 'தப்பு பண்ணிட்டேன்'னு மொட்டையா எழுதினா குற்றச்சாட்டு நிரூபணம்னு அதையே ஃபைல்ல வச்சிடுவாங்க.

உண்மையில எல்லாரும் பாக்கப்போறது பணம் எங்கருந்து வந்ததுன்னுதான். நகை அடகு ரசீது, பிஎஃப் அட்வான்ஸ் ஆர்டர், பேங்க் பாஸ்புக்ல பணம் எடுத்த பக்கம், பத்திரத்துல இருக்கற தொகை எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு இன்னிக்கே உக்காந்து பாருங்க. ஒத்துப்போச்சுன்னா இது தகவல் சொல்லாத குற்றத்தோட நிக்கும். கணக்கு இடிச்சா விஜிலென்ஸ், அதான் லஞ்ச ஒழிப்புத் துறை, உள்ள வரும், அது வேற கதை.

மெமோல சொல்லியிருக்கற ஆவணங்களோட காப்பி கேட்டு எழுத்துல மனு கொடுங்க, விளக்கம் எழுத டைம் கேளுங்க, மனுவை ஆபீஸ்ல வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சி முத்திரையும் மறக்காம வாங்கிக்கோங்க.